நூற்று நாற்பத்தோராவது கேள்வி

ஒரு விஷயத்தை இரண்டாம் முறை சொல்வது அவளுக்குப் பிடிக்காது. இதையும் அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்: தலையணைத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எல்லோரும் கேட்கும்படியாக. கேட்டவர்கள் அன்றைக்கே அவளுக்கு ‘ஒருதடவை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வயதில் சிறியவர்கள் மரியாதை சேர்த்து ‘ஒருதடவை அக்கா’ என்றார்கள். அந்தப் பெயரை நாளெல்லாம் வாய் ஓயாமல் சொல்லிக் கூப்பிட்டதில் யாருக்கும் எந்த முரணும் தெரியவில்லை.

பிறந்த வீட்டில் அவர்கள் ஐந்து பிள்ளைகள். அம்மா சாப்பிடக் கூப்பிடும்போது ஐந்து பேரையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஐந்தாவது வந்து உட்காருவதற்குள் முதலாவது சாப்பிட்டு எழுந்து போயிருக்கும். மறந்துபோய் அதை மறுபடி கூப்பிடுவாள். நாலாவதாகப் பிறந்தவள் இந்தச் சுற்றைப் பல வருடம் கவனித்துவிட்டுப் புள்ளியியல் படிக்கப் போனாள். ஏன் அந்தப் படிப்பு என்று கேட்டவர்களுக்கு, “ஆயிரம் பேரைப் பத்தி ஒரே வாக்கியத்துல சொல்லி முடிக்கிற படிப்பு வேற இல்லையே” என்றாள்.

தொழிற்சாலையில் அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு கணக்கர். புதுத் தலையணை ஒன்று வந்தால் அதில் சிலரையும் பழைய தலையணையில் சிலரையும் படுக்க வைத்து, எழுந்ததும் கேள்விகள் கேட்பார்கள். பதில்களெல்லாம் ஒரு பெரிய அட்டவணை ஆகும். ஒரு ஆள் ஒரு தடவை படுத்து எழுந்தது ஒரு கிடைவரிசை. ஒரு கேள்வி ஒரு நெடுவரிசை. கணக்கர் முதல் நெடுவரிசையை எடுப்பார். பழைய தலையணைக்காரர்கள் போட்ட மதிப்பெண்ணுக்கும் புதுத் தலையணைக்காரர்கள் போட்டதற்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கக்கூடியதா, இல்லை நிஜமானதா என்று ஒரு சோதனை போடுவார். விடையாக ஒரு சிறிய எண் வரும். அது எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்குத் தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதை எழுதிவைத்துக்கொண்டு இரண்டாவது நெடுவரிசைக்குப் போவார். பிற்காலத்தில் இதையே கணினி செய்யும்படி ஒரு லூப் எழுதினார். முதலாவதை எடு, சோதி, எழுது, அடுத்ததற்குப் போ, தீரும்வரை திரும்பு. அது ஓடி முடிகிறவரை கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார், கூலியாளை மேய்ப்பது போல.

அவர் ஓய்வு பெற்றுப் போனார். வந்தவள் அந்த லூப்பைப் படித்துப் பார்த்துவிட்டு மொத்தமாக அழித்தாள். அந்த இடத்தில் ஒரு வரி எழுதினாள். தமிழில் சொன்னால் அந்த வரிக்கு அர்த்தம் இதுதான்: இந்த அட்டவணை, நெடுவரிசை வாரியாக, இந்தச் சோதனை. முற்றுப்புள்ளி.

பக்கத்து மேசையில் ரப்பர் நுரையின் ரசாயனம் பார்க்கும் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“லூப்பே இல்லாம எப்படிம்மா ஓடும்?”

“உள்ளுக்குள்ள எங்கயாவது சுத்திக்கிட்டுதான் இருக்கும் சார். என் கண்ணு முன்னாடி சுத்த வேண்டாம்.”

இப்படிப்பட்டவள் கல்யாணம் செய்துகொண்டது ஒரு நடமாடும் லூப்பை.

அவர் அதே தொழிற்சாலையில் பழைய நுரை மிஷினை ஓட்டுகிறவர். எல்லோருக்கும் மிஷின்காரர். வீட்டில் டம்ளர் கழுவினால் ஒன்றைக் கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்ததைக் கையில் எடுப்பார். ஆறு டம்ளருக்கு ஆறு தடவை குழாயை மூடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் அவருடைய கூடத்துக்குத் தடிமன் அளக்கப் போயிருந்தாள். மிஷினிலிருந்து வரும் ஒவ்வொரு தலையணையையும் அவர் கையால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துத்தான் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“பத்துக்கு ஒண்ணு பாத்தா போதுங்க,” என்றாள்.

“மத்த ஒம்போதும் என்ன பாவம் பண்ணுச்சு?”

புள்ளியியலில் இதற்குப் பதில் உண்டு. அவளுக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு வாயில் வரவில்லை. அடுத்த வருடம் கல்யாணம் ஆயிற்று.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் அவருடைய தங்கை. வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறவள். மதியம் சாப்பிட்டதும் தொழிற்சாலைக்குப் போய்த் தூங்குவாள். சோம்பேறித்தனம் இல்லை, அதுவும் வேலைதான். தலையணைகளைப் பரிசோதிக்க அங்கே ஒரு தூங்கும் அறை இருந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் மதியத்தில் வந்து படுத்து எழுந்து, கேள்விகளுக்குப் பதில் தட்டிவிட்டுப் போவார்கள். “எங்க அண்ணன் தலையணை செய்றாரு, அண்ணி அதுக்குக் கணக்குப் போடறாங்க, நான்தான் உண்மையா உழைக்கிறேன்” என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்துக்குள் ஒரு புது மிஷின் வந்தது.

தொழிற்சாலையின் அந்தக் கோடியில் அதை நிறுத்தினார்கள். மேலாளருக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. ஆனால் அவர் நியாயஸ்தர். ஆசைப்பட்டதற்காக மட்டும் பழையதைத் தூக்கி எறிய மாட்டார், காரணம் கிடைத்த பிறகுதான் எறிவார். புது மிஷின் தலையணை நிஜமாகவே மேல் என்று பரிசோதனையில் தெரிந்தால் பழைய மிஷினை எடைக்குப் போட்டுவிடலாம், மிஷின்காரரைப் பாக்கிங்குக்கு மாற்றலாம் என்றார். பாக்கிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அங்கே தலையணை பிளாஸ்டிக் உறைக்குள் ஏற்கெனவே போய்விட்டிருக்கும்; கையால் அழுத்திப் பார்க்க முடியாது. மிஷின்காரருக்கு அது, வீட்டில் இருந்துகொண்டே வீட்டாரோடு பேசக் கூடாது என்பது மாதிரி.

“இந்தப் பரிசோதனையை நான் செய்யக் கூடாது சார். அது என் வீட்டுக்காரர் மிஷின்,” என்று அவள் மேலாளரிடம் போய் நின்றாள்.

“வேற யாரும்மா இருக்காங்க?”

யாரும் இல்லை. நேர்மைக்கு மாற்று ஆள் வைக்கும் அளவுக்குப் பெரிய தொழிற்சாலை இல்லை அது.

தூங்கும் அறை ரயில் பெட்டி மாதிரி நீளமானது. பழைய மிஷின் கூடத்துக்கும் புது மிஷின் கூடத்துக்கும் நடுவில், இரண்டு கோடியிலும் கதவோடு இருந்தது. படுக்கை இருபத்து நாலு. ஒன்றாம் எண் பழைய மிஷின் பக்கத்துக் கதவை ஒட்டி, கடைசி எண் அந்தப் பக்கத்துக் கதவை ஒட்டி. அறையைப் பார்த்துக்கொள்கிற அம்மாளிடம் அவள் சொன்னாள்: “எந்தப் படுக்கைக்கு எந்த மிஷின் தலையணைன்னு தினமும் சீட்டு குலுக்கிப் போடுங்க.” தெளிவாகத்தான் சொன்னாள். வழக்கம்போல ஒரு தடவை.

தலையணைகளுக்கு எல்லாம் ஒரே வெள்ளை உறை. எது எந்த மிஷினுடையது என்பது உறைக்குள் இருக்கும் சின்ன அட்டையில் மட்டும். படுத்து எழுந்தவர்கள் கையில் கொடுக்கும் தொடுதிரைப் பலகையில் நூற்று நாற்பது கேள்விகள். அவற்றில் பாதியை விற்பனைப் பிரிவு எழுதியிருந்தது. ‘தலையணை உங்களைப் புரிந்துகொண்டதா?’ என்பது எண்பத்தெட்டாவது கேள்வி. அதற்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று யோசித்தே சிலர் மறுபடி தூங்கிப் போனார்கள்.

சில வாரங்களில் அட்டவணை நிறைந்தது. அவள் அந்த ஒரு வரியைத் தட்டினாள். டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் எல்லா நெடுவரிசைகளுக்கும் விடை வந்து நின்றது. முப்பத்து நாலு இடத்தில் வித்தியாசம் நிஜம் என்றது. இரண்டு தலையணையும் ஒன்றேதான் என்றாலும் இத்தனை கேள்வி கேட்டால் ஏழு இடத்தில் சும்மாவே வித்தியாசம் தலைகாட்டும்; அது அவளுக்குத் தெரியும். ஏழு வரவேண்டிய இடத்தில் முப்பத்து நாலு. எல்லாம் புது மிஷின் பக்கம்.

அவள் சற்று நேரம் திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு வரியாகப் பார்க்கவில்லை, மொத்தமாகப் பார்த்தாள். பிறகு அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலாளருக்கு அனுப்பினாள். அவர் படித்துவிட்டு, மிகவும் வருத்தமாக இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக்கூட வைக்கவில்லை.

“உங்க மிஷினை எடுக்கப் போறாங்க. என் ரிப்போர்ட்டுதான் காரணம்.”

மிஷின்காரர் மூன்றாவது டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்ன?”

அவள் பையைக் கீழே வைத்தாள். நாத்தனார் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

“அண்ணா, அண்ணி உன் மிஷினுக்குச் சங்கு ஊதிட்டாங்களாம். அவங்க ரெண்டாம் தடவை சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன்.”

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். நாலாவதை எடுத்தார். கோபம் வந்தாலும் அவருக்கு வரிசைப்படிதான் வரும்.

“எந்தக் கேள்வியில தோத்தேன்?”

“நீங்க தோக்கல. தலையணை...”

“எந்தக் கேள்வி?”

“முப்பத்து நாலு இருக்கு. இந்தாங்க, பாருங்க.”

“என் கை ஈரம். நீ படி. ஒவ்வொண்ணா.”

அவளுக்கு இது தண்டனை என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் அது நியாயமான தண்டனை என்று தோன்றியிருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பட்டியலில் மிகப் பெரிய வித்தியாசம் மேலே, சின்னது கீழே என்று கணினி அடுக்கியிருந்தது. அடி லேசாக விழட்டும் என்று அவள் கீழிருந்து ஆரம்பித்தாள்.

“கே பத்தொம்பது. படுத்ததும் எரிச்சல் வந்ததா?”

“என் தலையணையில எரிச்சலா?”

“கொஞ்சம் கூட. கே நூத்தி நாலு. நடுவில் விழித்தீர்களா?”

“சரி.”

“கே முப்பத்தொண்ணு. எழுந்தபோது தலை பாரமா இருந்ததா?”

“அது மதியம் அதிகமா சாப்பிட்டா இருக்கும்,” என்றாள் நாத்தனார். “எனக்கு இருக்கும்.”

“கே அறுபத்தொண்ணு. எழுந்தபோது இந்தத் தலையணை மேல நன்றி தோன்றியதா?”

மிஷின்காரர் அந்த டம்ளரை மட்டும் இரண்டு தடவை துடைத்தார்.

டம்ளர்கள் தீர்ந்து தட்டுகளுக்கு வந்திருந்தார்கள். இருபதாவது கேள்வி தாண்டியதும் அவர் குறுக்கே கேட்டார்: “தடிமன் பத்திக் கேட்டாங்களே, அது எங்க?”

“அதுல வித்தியாசம் இல்ல.”

“மெத்துனு இருக்கறது?”

“அதுலயும் இல்ல.”

“வாசனை? சூடு? கழுத்து உக்கார்ற இடம்?”

அவள் பட்டியலை மேலும் கீழுமாகப் பார்த்தாள். “இல்ல. இல்ல. அதுவும் இல்ல.”

“அப்போ தலையணையில ஒரு குறையும் இல்ல. தூங்கறதுலதான் குறை.”

“அப்படித்தான் வருது,” என்றாள். சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவளுக்கே பிடிக்கவில்லை.

கடைசியில், அதாவது பட்டியலின் உச்சியில், ஒரு வரி மிச்சம் இருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் அதுதான். புள்ளிக்குப் பின்னால் பூஜ்யங்கள் எறும்பு வரிசை மாதிரி போய்க்கொண்டிருந்தன.

“எண்,” என்று படித்தாள்.

“என்ன எண்?”

“அவ்வளவுதான் போட்டிருக்கு.”

“மத்ததுக்கெல்லாம் முன்னாடி ‘கே’ இருந்துச்சே. இதுக்கு இல்லையா?”

இல்லை. காரணம், அது கேள்வியே இல்லை. அட்டவணையின் முதல் நெடுவரிசை, படுத்தவரின் படுக்கை எண். பழைய கணக்கராக இருந்தால் அதைக் கையால் தள்ளிவிட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பித்திருப்பார். அவளுடைய ஒரு வரிக்குக் கை கிடையாது. நெடுவரிசை வாரியாக என்று சொன்னால் நெடுவரிசை வாரியாகத்தான். நூற்று நாற்பது கேள்விக்குப் போக வேண்டிய சோதனை நூற்று நாற்பத்தொன்றுக்குப் போயிருந்தது. படுக்கை எண்ணையும் ஒரு மதிப்பெண்ணாக எண்ணி, பழைய தலையணையைவிடப் புதுத் தலையணை அதிலும் வெகு மேல் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது.

கற்றுக்குட்டிகள் செய்யும் பிழை. அவள் காது சிவந்தது. “ஒரு வரிசையைத் தப்பா சேத்துட்டேன். அதை எடுத்துட்டா முப்பத்து மூணு. வேற ஒண்ணும் மாறாது,” என்று எழுந்தவள் பாதியில் நின்றாள்.

படுக்கை எண்ணில் வித்தியாசம் வரவே கூடாது. சீட்டு குலுக்கிப் போட்டிருந்தால் இரண்டு தலையணையும் எல்லா எண்ணிலும் சரிசமமாக விழுந்திருக்கும். வித்தியாசம் இருக்கிறது என்றால்...

“நீ எந்தப் படுக்கையில படுப்ப?” என்று நாத்தனாரைக் கேட்டாள்.

“மூணு. ஏன்?”

“தினமும் மூணா?”

“முதல்ல போறவ நான்தானே. கதவுகிட்டயே படுத்துடுவேன்.”

“உனக்கு எந்த மிஷின் தலையணை வரும்?”

“அண்ணன் மிஷினுதான். அந்த வண்டி இந்தக் கதவு வழியாத்தானே வருது? இந்தக் கதவுல வர்றதை இந்தப் பக்கம் போடுவாங்க, அந்தக் கதவுல வர்றதை அந்தப் பக்கம் போடுவாங்க. நடுவுல போய் எவ தள்ளுவா வண்டியை?”

“சீட்டு குலுக்கலையா?”

“முதல் ரெண்டு நாள் குலுக்கினாங்க. அப்புறம் நீங்க வந்து கேக்கவே இல்லையே அண்ணி.”

அந்த வாக்கியத்தில் பழி எதுவும் இல்லை. நாத்தனார்கள் பழி இல்லாமல் சொல்லும் வாக்கியங்கள்தான் அதிகம் தைக்கும்.

“அதுசரி,” என்றாள் அவள் மெதுவாக. “அந்தப் பக்கம் படுத்தா மட்டும் ஏன் நல்லாத் தூக்கம் வருது?”

நாத்தனார் சிரித்தாள். “இந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? சுவத்துக்கு அந்தாண்டை அண்ணனோட மிஷின் உறுமிக்கிட்டே இருக்கு. அந்தப் புதுசு மூச்சே விடாது. இதுல எவன் தூங்குவான்? நான் துணி தைச்ச களைப்புல செத்த மாதிரி கிடப்பேன், அதனால தப்பிச்சேன்.”

தட்டு கழுவும் சத்தம் நின்றது.

“என்னது?” என்றார் மிஷின்காரர்.

“மிஷின் உறுமுதுண்ணா.”

“என் மிஷின் உறுமுதா?”

இந்த இடத்தில் அந்த வீட்டில் நிலைமை விசித்திரமாகப் போயிற்று. பழைய மிஷினின் தலையணையில் தூக்கம் வராததற்குக் காரணம் பழைய மிஷின்தான் என்று அறிக்கை சொன்னது சரியாகவே இருந்தது. தலையணை வழியாக இல்லை, சுவர் வழியாக. மிஷினைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் மேல் புதிதாக ஒரு குற்றம் சாட்டியாக வேண்டும்.

“அது சத்தமே போடாது. நான் பக்கத்துலயே நிக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“பக்கத்துலயே நிக்கறதாலதான் உங்களுக்குத் தெரியல.”

“தலையணை மட்டம்னு சொல்லு, பொறுத்துக்கறேன். மிஷினைச் சொல்லாத.”

“தலையணை மட்டம்னா மிஷின் எடைக்குப் போயிடும். மிஷின் உறுமுதுன்னா மிஷின் இருக்கலாம். எது வேணும்?”

அவர் ஈரக் கையோடு, “உறுமுதுன்னு எழுதாத. வேற மாதிரி எழுது,” என்று சொல்லிவிட்டு மிச்சத் தட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் அவள் மேலாளரின் அறைக்குப் போய், முதல் அறிக்கையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றாள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்க வீட்டுக்காரர் மிஷின்மா இது.”

“அதான் முதல்லயே சொன்னேனே சார்.”

“நேத்து ரிப்போர்ட் அனுப்பறீங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போறீங்க. காலையில வந்து தப்புங்கறீங்க. நான் என்ன நினைக்கிறது?”

“நீங்க நினைக்கிறது நியாயம்தான். இதைப் பாருங்க.” முதல் அறிக்கையோடு போன பட்டியலையே எடுத்து அவர் முன்னால் வைத்து உச்சி வரியைக் காட்டினாள். “இது படுக்கை எண். உங்களுக்கு அனுப்பினதுலயே இருக்கு. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே இருந்துச்சு.”

“படுக்கை எண்ணை எதுக்குச் சோதிச்சீங்க?”

“தெரியாம.”

“தெரியாமயா?”

“மொத்த அட்டவணையையும் ஒரே வரியில குடுத்தேன். முதல் வரிசையை எடுக்க மறந்துட்டேன். என் தப்புதான்.”

மேலாளர் பட்டியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பூஜ்யங்களை எண்ண முயன்று விட்டுவிட்டார்.

“நீங்க யோசிச்சு, வேணும்னே இதைச் சோதிச்சிருந்தா ஒரு வார்த்தை நம்பியிருக்க மாட்டேன்,” என்றார். “தப்புன்னு சொல்றதால நம்பறேன்.”

இத்தனை வருடத்தில் அவள் பிழையில்லாமல் எழுதிக்கொடுத்த எந்த அறிக்கைக்கும் அவர் இவ்வளவு மரியாதை காட்டியதில்லை.

இருந்தாலும் மேலாளர் எதையும் தானே பார்க்கிறவர். அன்று மதியம் தூங்கும் அறைக்குப் போய், காலணியைக் கழற்றிவிட்டு ஒன்றாம் படுக்கையில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். அறைக்காரம்மாள் பதறிப்போய் அவருக்குப் போர்வை போர்த்தினாள். சுவருக்கு அப்பால் மிஷின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து அந்தக் கோடிப் படுக்கைக்கு நடந்து போனார். அங்கிருந்து அவர் தானாக எழுந்து வரவில்லை. மாலை டீ கொண்டுவந்தவர்தான் எழுப்பினார். பரிசோதனையைத் திரும்ப நடத்த உத்தரவு அன்றைக்கே வந்துவிட்டது. இந்தத் தடவை வரும் விடை எதுவானாலும் அதுதான் முடிவு என்றார்.

பழைய மிஷினின் சத்தத்தை நிறுத்திவிட்டா பரிசோதனை செய்வது என்று எல்லோரும் கேட்டார்கள். வேண்டாம் என்றாள். சத்தம் இருக்கட்டும், தலையணைகள் எல்லாப் படுக்கையிலும் கலந்து விழுந்தால் சத்தம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகிவிடும், யாருக்கும் ஓரவஞ்சனை இருக்காது. சீட்டு குலுக்க வேண்டும், அவ்வளவுதான். தினமும்.

அதனால் தினமும் மதிய மணி அடித்ததும் அவள் தூங்கும் அறைக்குப் போனாள்.

“அம்மா, சீட்டு குலுக்கிப் போடுங்க.”

மறுநாளும் போனாள். “அம்மா, சீட்டு குலுக்கிப் போடுங்க.”

அதற்கு மறுநாள் அறைக்காரம்மாள் முந்திக்கொண்டாள். “தெரியும் தாயி, குலுக்கிட்டேன். நேத்துதானே சொன்னே?”

“இன்னைக்கும் சொல்றேன். குலுக்கினதைக் காட்டுங்க.”

தரப் பரிசோதனைப் பிரிவே இதை வேடிக்கை பார்த்தது. ரசாயனக்காரர், “என்னம்மா, லூப் எழுத ஆரம்பிச்சுட்ட போலிருக்கே” என்றார். ஒரு வரியில் ஆயிரம் எண்களை வேலை வாங்கிவிடலாம், ஒரு அம்மாளையும் ஒரு தள்ளுவண்டியையும் அப்படி வாங்க முடியாது. இது புத்தகத்தில் எங்கேயோ இருந்திருக்கலாம். அவள் படித்த பக்கங்களில் இல்லை.

நடுவில் ஒருநாள் மிஷின்காரர் வந்து நின்றார். மிஷினை உதவியாளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

“நானும் படுக்கணும். ஒண்ணாம் நம்பர்ல.”

“எதுக்கு?”

“உறுமுதான்னு பாக்கணும்.”

படுத்தார். தலை உறையில் பட்டது, ஆள் இல்லை. அந்த அறையின் வரலாற்றில் அவ்வளவு சீக்கிரம் யாரும் தூங்கியதில்லை. அந்த உறுமல் அவருக்குத் தாலாட்டு போல ஆகியிருந்தது. வீட்டில்தான், அது இல்லாததால், அவர் புரண்டு புரண்டு படுப்பார். எழுந்ததும் பலகையை வாங்கி நூற்று நாற்பது கேள்வியையும் ஒவ்வொன்றாக, ஒன்றுக்கும் அவசரப்படாமல் படித்து, எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டார். ‘தலையணை உங்களைப் புரிந்துகொண்டதா’ என்பதற்கு ஆறு போட முயன்று பலகையிடம் தோற்றார்.

உறைக்குள் இருந்த அட்டையை அறைக்காரம்மாள் எடுத்துப் பார்த்தாள். புது மிஷின் தலையணை. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. இன்றுவரை.

கடைசி நாள் வந்தது. அவள் அட்டவணையைத் திறந்தாள். மிஷின்காரரின் கிடைவரிசையை நீக்கினாள். மிஷின்மேல் பிரியம் உள்ளவர் சாட்சி சொல்லக் கூடாது. படுக்கை எண் நெடுவரிசையை இந்தத் தடவை வேண்டுமென்றே உள்ளே விட்டாள். பிறகு அந்த ஒரு வரியைத் தட்டினாள். டீ ஆறிப்போயிருந்தது, டம்ளரைத் தொடவில்லை.

ஒன்பது இடத்தில் வித்தியாசம். சும்மாவே ஏழு வரும் இடத்தில் ஒன்பது. ஒன்பதில் ஐந்து புது மிஷின் பக்கம், நாலு பழைய மிஷின் பக்கம். படுக்கை எண் பட்டியலிலேயே இல்லை. அதன் பிறகு அவள், கணினி ஏற்கெனவே செய்து முடித்ததை, நூற்று நாற்பத்தொரு வரியையும் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ரசாயனக்காரர் பார்த்தும் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு மிஷினும் ஒரே தலையணையைத்தான் செய்கின்றன என்று அறிக்கை எழுதினாள். கூடவே, பழைய மிஷின் கூடத்தின் ஓசை சுவரைத் தாண்டி வருகிறது என்று ஒரு வாக்கியம். ‘ஓசை’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு மொத்த அறிக்கையைவிட அதிக நேரம் பிடித்தது.

மேலாளர் படித்துவிட்டு, மிகவும் சந்தோஷம் என்று வருத்தமாகச் சொன்னார். சொன்ன சொல்லை மாற்றவில்லை. மிஷின் இருக்கட்டும், காலுக்கடியில் தடித்த ரப்பர் வைத்துவிடுங்கள் என்றார்.

சாயங்காலம் மிஷின்காரர் அவளுக்கு முன்பே வீட்டில் இருந்தார். இரண்டாவது டம்ளர். நாத்தனார் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். “என்ன அண்ணி, சங்கா, மேளமா?”

“ஒன்பது வந்துச்சு,” என்றாள் அவள். “ஒண்ணுக்கொண்ணு ஒரே தலையணை.”

“ஒன்பதுல எதுல நான் ஜெயிச்சேன்?”

“அது தற்செயல்ங்க. ஜெயிச்சதாகாது.”

“எதுல?”

“எண்பத்தெட்டு.”

“அது எது?”

“தலையணை உங்களைப் புரிஞ்சுக்கிச்சான்னு கேக்கறது.”

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை புருவத்தை உயர்த்தினாள். தற்செயல் என்ற சொல் அந்தச் சமையலறையில் யார் காதிலும் விழாமல் வெளியே போயிற்று.

“நான் படுத்தேனே, அதைக் கணக்குல சேத்தியா?”

“நீக்கிட்டேன்.”

“என்னையா?”

“நீங்க இருந்தாலும் இல்லாட்டாலும் அதே விடைதான். போட்டுப் பாத்தேன்.”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “கட்டின பொண்டாட்டி சொல்ற பேச்சா அண்ணி இது?”

மிஷின்காரர் இதில் கோபப்பட வேண்டுமா என்று யோசித்து, வரிசையில் அதற்கு முன்னால் வேறொன்று நிற்பதைக் கண்டார்.

“அப்போ மிஷின்?”

“இருக்கும். எடைக்குப் போடல.”

அவர் குழாயை மூடினார். கையில் இருந்த டம்ளரைத் துடைக்காமலேயே கீழே வைத்தார். அது அந்த வீட்டில் அதுவரை நடந்திராத காரியம்.

“இன்னொரு தடவை சொல்லு.”

நாத்தனாரின் சிரிப்பு அப்படியே நின்றது. அண்ணியின் வாயையே பார்த்தாள்.

“மிஷின் இருக்கும்,” என்றாள் அவள். “எடைக்குப் போடல. நீங்களும் அங்கதான்.”

“இன்னொரு தடவை.”

அவள் பையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து, அவர் துடைக்காமல் விட்டிருந்த டம்ளரைக் கையில் எடுத்தாள்.

“உறுமுதுன்னு எழுதல. ஓசைன்னு எழுதியிருக்கேன். போதுமா?”